பதிவும் சிகிச்சையே: நலவாழ்வுத் தகவலியல் ஓர் அறிமுகம்

மருத்துவமனை என்றதும் மருத்துவர், மருந்து, படுக்கை ஆகிய மூன்றும் நம் நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றையும் உரிய நேரத்தில் உரிய நோயாளியிடம் கொண்டு சேர்ப்பதற்கு நான்காவதாக ஒன்று தேவைப்படுகிறது; அதுவே தகவல். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது, எந்த வார்டில் காய்ச்சல் பெருகி வருகிறது, எந்த மருத்துவமனையில் ஒரு படுக்கை காலியாக உள்ளது என்பன போன்ற வினாக்களுக்கு விடை கிடைக்கத் தாமதமாகுமானால், மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

இத்தகவலைத் திரட்டுதல், வகைப்படுத்துதல், சேமித்தல், பகிர்தல், அதனைக் கொண்டு முடிவெடுத்தல் ஆகியவற்றை முறைப்படி ஆராயும் துறையே உயிர்மருத்துவ, நலவாழ்வுத் தகவலியல் ஆகும். இத்துறையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மேலைநாட்டு மருத்துவமனைகளை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. பெங்களூரு மாநகரின் தென்பகுதியில் உள்ள பொம்மனஹள்ளியைக் களமாகக் கொண்டு இத்துறையின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

தகவலியல் என்னும் கருத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை 1962-இல் பிலிப் டிரேஃபஸ் என்பவர் வழக்கிற்குக் கொண்டுவந்தார். தகவலைத் தானியங்கு முறையில் கையாளுதல் என்பது அதன் பொருள். ஆயினும் மருத்துவத்தில் இச்சிந்தனை அதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1959-இல் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டட் ஆகிய இருவரும், மருத்துவர் நோயை நிர்ணயிக்கும்போது பின்பற்றும் சிந்தனை முறையைத் தருக்கவியல், நிகழ்தகவு ஆகியவற்றின் துணைகொண்டு விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1964-இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மருத்துவ இலக்கியங்களைக் கணிப்பொறியில் தேடும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 1968-இல் லாரன்ஸ் வீட் என்னும் மருத்துவர், நோயாளியின் பதிவேடு தேதி வரிசையில் குறிப்புகளை அடுக்குவதாக மட்டும் இல்லாமல், அவருடைய ஒவ்வொரு நோய்ச் சிக்கலையும் தனித்தனித் தலைப்பில் தொடர்ந்து கவனிப்பதாக அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இன்று இத்துறை நான்கு கிளைகளாக வளர்ந்துள்ளது. மரபணு, புரதம் ஆகிய மூலக்கூறுகளின் அளவில் தகவலை ஆராய்வது உயிரித் தகவலியல். உடலுறுப்புகளின் படங்களை ஆராய்வது படிமத் தகவலியல். தனி நோயாளியின் சிகிச்சையைச் சார்ந்தது மருத்துவமனைத் தகவலியல். ஊர், நகரம், நாடு என மக்கள் தொகுதியைச் சார்ந்தது பொது சுகாதாரத் தகவலியல். அளவில் வேறுபட்டாலும் இந்நான்கிற்கும் அடிப்படை வினா ஒன்றே: உலகில் நிகழ்ந்த ஒன்றைப் பொருள் மாறாமல் எவ்வாறு பதிவு செய்வது, அப்பதிவைக் கொண்டு எவ்வாறு நன்மை செய்வது?

ஒசூர் சாலையும் பொம்மனஹள்ளியும்

பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் ஒசூர் சாலையே இத்துறையின் ஒரு குறுக்குவெட்டுத் தோற்றம் எனலாம். வடபகுதியில் 1974-இல் உருவான தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம், அதாவது நிமான்ஸ், அமைந்துள்ளது. தென்பகுதியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும், உயிரித் தகவலியல், பயன்பாட்டு உயிரித் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. இவ்விரு முனைகளுக்கும் இடையே பொம்மனஹள்ளி இருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களும், கட்டுமானத் தொழிலாளரும், கணிப்பொறி நிறுவன ஊழியரும் அருகருகே வாழும் பகுதி இது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கின்றன.

தனி நகரசபையாக இருந்த பொம்மனஹள்ளி, 2007-இல் பெங்களூரு பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, அதன் எட்டு மண்டலங்களுள் ஒன்றாக விளங்கியது. 2025-இல் அம்மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. இடையில் வார்டு எல்லைகளும் மாற்றப்பட்டன. நிர்வாகத்திற்கு இது எல்லைச் சீரமைப்பு, தகவலியலுக்கோ முதற்சிக்கல். ஒரு வார்டில் பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை பேருக்கு டெங்கு வந்தது, இன்று எத்தனை பேருக்கு வந்துள்ளது என்று ஒப்பிட வேண்டுமானால், வார்டின் பெயர் ஒன்றாயினும் அது குறிக்கும் நிலப்பரப்பு ஒன்றுதானா என்று முதலில் கேட்க வேண்டியுள்ளது. எல்லை மாறும்போதெல்லாம் பழைய குறியீட்டிற்கும் புதிய குறியீட்டிற்கும் ஒரு தொடர்புப் பட்டியல் தயாரிப்பது சிறு வேலைதான். அதனைச் செய்யாவிடில் பத்தாண்டுப் புள்ளிவிவரங்கள் பயனற்றுப் போகும்.

கணிப்பொறிக்கு முந்திய ஒரு பாடம்

தகவலியல் என்பது கணிப்பொறி வாங்குவதன்று என்பதற்கு இதே மாநகரம் ஒரு சிறந்த சான்றைத் தருகிறது. 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் நிறுவப்பட்டது. காசநோயாளிகளைக் கண்டறிய வீடுதோறும் சென்று அனைவரையும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும் என்னும் கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் காசநோயாளிகளை நேரில் கண்டு ஓர் எளிய கேள்வியைக் கேட்டனர்: உமக்கு நோயின் அறிகுறி தெரிந்ததா, தெரிந்தபின் என்ன செய்தீர்?

1963-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நோயாளிகளில் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றும் இருந்தனர். அங்கே சளிச் சோதனை செய்யப்படாமல், இருமல் மருந்துடன் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். நோயாளி மருத்துவ நிலையத்தைத் தேடி வந்தும், அந்த நிலையம் அவரைக் காசநோயாளி என அறிந்துகொள்ளவில்லை. பொது மருத்துவ நிலையங்களிலேயே இருமலோடு வருவோரின் சளியைச் சோதிப்பது என்னும் கொள்கைக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டின.

இந்த ஆய்வில் கணிப்பொறி முதன்மையான இடம் பெறவில்லை. சரியான கேள்வி, சீரான பதிவு, பதிவிலிருந்து கொள்கை என்னும் மூன்று படிகளே அதன் வலிமை. இன்றைய தகவலியலுக்கும் அவையே அடித்தளம்.

முதற் படி: ஆளை அடையாளம் காணல்

ஒரு நோயாளியின் பழைய பதிவும் புதிய பதிவும் ஒருவருடையவைதாம் என்று அறிவது எளிதன்று. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் எழுதுவர். சில படிவங்களில் அதுவே பின்னால் போய் நிற்கும். லட்சுமி என்னும் பெயர் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்படுகிறது. ஓரிடத்தில் லட்சுமி, மற்றோரிடத்தில் லட்சுமம்மா என்று ஒருவரே பதிவாவதும் உண்டு. வயது பெரும்பாலும் 30, 35, 40 என்று முழு எண்ணாகவே சொல்லப்படுகிறது. முகவரியோ இன்னும் குழப்பமானது. மூன்றாவது மெயின், ஐந்தாவது கிராஸ் என்பது பெங்களூரில் பல குடியிருப்புகளில் உண்டு. குடியிருப்பின் பெயர் விடுபட்டால், சுகாதார ஊழியர் வேறொரு வீட்டின் கதவைத் தட்ட நேரிடும்.

இதற்குத் தீர்வாகவே நோயாளிக்கென ஒரு தனி எண் வழங்கப்படுகிறது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் 14 இலக்கங்கள் கொண்ட ‘ஆபா’ எண் வழங்கப்படுகிறது. வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள ஒருவருடைய பதிவுகளை, அவருடைய இசைவோடு, ஒன்றாக இணைத்துக் காண்பதற்கு இவ்வெண் உதவுகிறது. ஆயினும் எண் இல்லாதவருக்குச் சிகிச்சை இல்லை என்னும் நிலை எக்காலத்தும் ஏற்படலாகாது. எண் நோயாளிக்காகவே ஏற்பட்டது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கட்டுமானத் தொழிலாளியிடம் கைப்பேசியோ சான்றிதழோ இல்லாமற் போகலாம். காய்ச்சல் அவருக்கும் வரும்.

இரண்டாம் படி: சொல்லுக்கு ஒரே பொருள்

தமிழ் பேசுபவர் ‘சர்க்கரை நோய்’ என்கிறார். கன்னடம் பேசுபவர் ‘சக்கரே காயிலே’ என்கிறார். மருத்துவர் ‘டயாபடிஸ்’ என்று எழுதுகிறார். மற்றொருவர் இரண்டு எழுத்துகளில் சுருக்கி எழுதுகிறார். மனிதர் இவற்றை ஒன்றெனப் புரிந்துகொள்வர். பொறிக்கு அவை நான்கு வெவ்வேறு சொற்கள். ஆதலின் நோய்களுக்குப் பொதுவான குறியீடுகள் தேவைப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில், வயது வந்தோரிடம் பெரும்பாலும் காணப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இ11 என்பதும், இன்ன காரணம் என்று தெரியாத உயர் இரத்த அழுத்தத்திற்கு ஐ10 என்பதும் குறியீடுகள். பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் மின்னணு நலவாழ்வுப் பதிவேடுகளுக்கான தரநிலைகள் 2013-இல் வெளியிடப்பட்டு 2016-இல் திருத்தியமைக்கப்பட்டன.

குறியீடு இருந்தால் மட்டும் போதாது. எப்போது அக்குறியீட்டை இடலாம் என்னும் வரையறையும் வேண்டும். டெங்குக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் வைரசின் புரதத்தைக் கண்டறியும் சோதனையும், அதன்பின் எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனையும் பொருத்தமானவை. சில நிமிடங்களில் முடிவு காட்டும் விரைவுச் சோதனையை மட்டும் கொண்டு டெங்கு என உறுதி செய்யாமல், எலிசா முறையில் சோதித்து உறுதி செய்வதே தேசிய வழிகாட்டுதல். ஒரு மருத்துவமனை விரைவுச் சோதனை முடிவுகளையும் கணக்கிட்டு, மற்றொன்று எலிசா முடிவுகளை மட்டும் கணக்கிடுமானால், இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டுவது மாம்பழத்தையும் புளியம்பழத்தையும் சேர்த்து எண்ணுவது போலாகும்.

மரணத்தின் காரணத்தைப் பதிவு செய்வதிலும் இதே சிக்கல் உண்டு. பொம்மனஹள்ளியை அடுத்த பேகூரில் உள்ள ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பெங்களூரு என்னும் பெயரைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகிறது. அக்கல்வெட்டு கூறும் செய்தி, போரில் ஒருவன் உயிர்நீத்தான் என்பதே. இறந்தவன் யார், எவ்விடத்தில், எக்காரணத்தால் என்ற மூன்றும் அக்கல்லில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 விழுக்காட்டிற்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதற்கு வழிவகுத்திருந்தும், ‘இதயம் நின்றது’ என்று எழுதுவதோடு முடித்துவிடும் பழக்கம் மறையவில்லை. இதயம் நிற்பது எல்லா மரணத்திற்கும் பொது. அது ஏன் நின்றது என்பதே எதிர்கால நோயாளிகளுக்குப் பயன்படும் தகவல்.

மூன்றாம் படி: காலம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. ஆகவே நோயாளியின் வீட்டைச் சுற்றியுள்ள தேங்கிய நீர் அகற்றப்படுவதற்கு ஒரு வாரம் கடந்தால், புதியதொரு கொசுத் தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். வாரந்தோறும் தாளில் அனுப்பப்படும் அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருப்பினும் இங்கே காலங்கடந்த அறிக்கையே.

2004-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வாராந்தர அறிக்கைகளையே நம்பியிருந்தது. 2018 நவம்பரில் கர்நாடகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் ஒருங்கிணைந்த நலவாழ்வுத் தகவல் தளம் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. 2021 ஏப்ரலில் அது நாடு தழுவியதாக அறிவிக்கப்பட்டது. முன்னர் 18 நோய்கள் கண்காணிக்கப்பட்டன; இப்போது அவ்வெண்ணிக்கை 33-ஐத் தாண்டியுள்ளது. களப் பணியாளர் அறிகுறிகளைக் கண்டு ஐயுறுவது, மருத்துவர் சோதித்து அனுமானிப்பது, ஆய்வகம் உறுதி செய்வது என மூன்று நிலைகளில் தனித்தனிப் படிவங்கள் இதில் உள்ளன. இப்பிரிவினை பொருள் பொதிந்தது. உறுதியாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஐயத்தை மட்டும் நம்பினால் வீண் அச்சம் பரவும். மூன்றையும் தனித்தனியே காணும் அதிகாரி, ஐயத்தின் நிலையிலேயே கொசு ஒழிப்பைத் தொடங்கி, உறுதியானபின் மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்தலாம்.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளை நோய்ச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. தண்ணீர் தேங்கவிடும் வீட்டாருக்கும் கட்டுமான உரிமையாளருக்கும் அபராதம் விதிக்கவும் வழி பிறந்தது. சட்டம் கையைக் கொடுக்கிறது. எத்தெருவில் அக்கை வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது பதிவு.

நான்காம் படி: முடிவெடுத்தல்

திரட்டிய தகவலைக் கொண்டு முடிவெடுப்பது அடுத்த படி. இங்கே கணக்கறிவு இன்றியமையாதது. ஒரு நகர்ப்பகுதியில் 10,000 பேருக்கு ஒரு நோய்க்கான சோதனை நடத்துவதாகக் கொள்வோம். அவர்களுள் உண்மையில் நோயுற்றோர் 100 பேர் எனவும், சோதனை அவர்களில் 90 பேரைக் கண்டுபிடிக்கும் எனவும், நோயற்றோரில் நூற்றுக்கு ஐவரைத் தவறாக நோயாளி எனக் காட்டும் எனவும் வைத்துக்கொள்வோம். நோயற்ற 9,900 பேரில் 495 பேர் தவறாகச் சுட்டப்படுவர். ஆக, நோயாளி எனச் சுட்டப்படும் 585 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேரே. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். சோதனை நல்லதே, எனினும் நோய் அரிதாக இருக்குமிடத்தில் அதன் முடிவை இரண்டாவது சோதனையின்றி நம்பலாகாது. லெட்லியும் லஸ்டடும் எடுத்துக்காட்டிய நிகழ்தகவுச் சிந்தனை இதுவே.

1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்னும் நிரல், சில நூறு விதிகளைக் கொண்டு இரத்தத்தில் பரவும் தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைத்தது. அதன் பரிந்துரைகள் வல்லுநர்களுடையவற்றுக்கு ஈடாக மதிப்பிடப்பட்டன; இருந்தும் அது அன்றாட மருத்துவப் பயன்பாட்டிற்கு வரவில்லை. மருத்துவரின் பணி ஒழுங்கோடு அது பொருந்தவில்லை. தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாகவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவோர் இவ்வரலாற்றை நினைவிற்கொள்வது நல்லது.

படுக்கை ஒன்று, பதிவு ஒன்று

முடிவெடுத்தலின் சோதனைக்காலமாக பெங்களூருக்கு 2021-ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்கள் அமைந்தன. கொரோனாவின் இரண்டாம் அலையில், நாளொன்றுக்கு 20,000-க்கும் மேற்பட்டோர் புதிதாகத் தொற்றுக்கு ஆளான நாட்கள் உண்டு. பொம்மனஹள்ளி உள்ளிட்ட ஒவ்வொரு மண்டலத்திலும் ‘வார் ரூம்’ எனப்பட்ட கட்டுப்பாட்டு அறை இயங்கியது. அரசு ஒதுக்கீட்டுப் படுக்கைகள் யாவும் ஒரு மையக் கணிப்பொறி முறையின் வழியே ஒதுக்கப்பட்டன.

படுக்கை பெறுவதற்கு நோயாளி கடக்க வேண்டியிருந்த வழியைத் தகவலியல் நோக்கில் காண்போம். சளி மாதிரி எடுக்கப்பட்டபோது ஓர் எண். ஆய்வக முடிவு தேசியத் தளத்தில் ஏறிய பின் மாநகர் சார்ந்த ‘பி.யூ.’ எண்; அதன்பின் கட்டுப்பாட்டு அறையின் மதிப்பீடு; பின்னரே படுக்கை. ஆய்வகங்களில் மாதிரிகள் குவிந்தபோது முடிவு தாமதமாயிற்று; முடிவு தாமதமானபோது எண் தாமதமாயிற்று. மூச்சுத்திணறல் மட்டும் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. நோயின் வேகம் ஒன்றாகவும் பதிவின் வேகம் வேறாகவும் இருந்தமையால், சோதனை முடிவு கைக்கு வருமுன்னரே நிலைமை மோசமானவர்கள் இருந்தனர்.

அம்மே மாதத்தில், மாநகரின் தென்பகுதி மண்டலங்களில் படுக்கை ஒதுக்கீட்டில் முறைகேடு நடப்பதாகப் புகார் எழுந்தது. வீட்டில் இருப்போரின் பெயரில் படுக்கைகள் பதிவாகி, பின்னர் வேறு ஆட்களுக்குச் செல்வதாகக் குற்றம் சாட்டப்பட்டது. மத்தியக் குற்றப்பிரிவுப் போலீசார் விசாரித்தனர். ஒதுக்கீட்டு மென்பொருளும் நடைமுறையும் மாற்றியமைக்கப்பட்டன. தனிமனிதரின் குற்றத்தை நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் பணி. இரவு பகலாகத் தொலைபேசியில் நோயாளிகளின் உறவினரோடு பேசிய ஏராளமான ஊழியர்களின் உழைப்பையும் மறத்தலாகாது. மாணவருக்கும் அதிகாரிக்கும் உரிய பாடம் முறையமைப்பைப் பற்றியது.

அப்பாடத்தை மூன்றாக வகுக்கலாம். முதலாவதாக, படுக்கை யார் பெயரில் பதிவாகிறதோ அவருக்கே உடனடியாகச் செய்தி சென்றால், அவர் அறியாமல் அவர் பெயர் பயன்படுவது கடினம். இரண்டாவதாக, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எக்காரணத்தால் செய்தார் என்பது அழிக்க முடியாத வகையில் பதிவாக வேண்டும். தனித்தனிக் கடவுச்சொல் இன்றிப் பலர் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் அலுவலகத்தில் இது நிறைவேறாது. மூன்றாவதாக, முன்னுரிமையின் விதி வெளிப்படையாக இருக்க வேண்டும். முதலில் அழைத்தவருக்கா, அதிக ஆபத்தில் இருப்பவருக்கா என்பதை மென்பொருள் எழுதுபவர் தீர்மானிக்கலாகாது. மருத்துவர்களும் நிர்வாகமும் தீர்மானித்து, மக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு படுக்கையின் பதிவு தவறானால் ஓர் உயிர் வாசலில் நிற்கும். பதிவும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: இரகசியமும் இசைவும்

நோய் பற்றிய தகவல் நோயாளிக்குச் சொந்தமானது. காசநோய், மனநோய், எச்.ஐ.வி. போன்றவை வெளியே தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் திருமணமும் தடைப்படும் நிலை நம் சமூகத்தில் இன்னும் உள்ளது. இச்சாலையின் இரு முனைகளிலும் உள்ள நிமான்சும் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் கர்நாடக அரசோடு இணைந்து 2020-இல் ‘இ-மானஸ்’ என்னும் மனநல மேலாண்மை முறையை உருவாக்கின. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கு இது துணைசெய்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ சேவைக்கும் நிமான்ஸ் தலைமை மையமாகவும், அத்தகவல் தொழில்நுட்ப நிறுவனம் தொழில்நுட்பத் துணையாகவும் விளங்குகின்றன. 14416 என்னும் எண்ணில் அழைப்போர், தம் பேச்சு தம்மோடும் ஆலோசகரோடும் நிற்கும் என்னும் நம்பிக்கையினாலேயே மனம் திறக்கின்றனர். அந்நம்பிக்கை உடைந்தால் அழைப்பும் நின்றுவிடும், தகவலும் கிடைக்காது.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அதன் தொடர்ச்சியாக 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இசைவு என்பது படிவத்தின் கடைசியில் இடும் கைநாட்டோடு முடிவதன்று. எதற்காக இத்தகவல் கேட்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பனவற்றை அவருடைய மொழியில் கூறிப் பெறுவதே இசைவு. பொம்மனஹள்ளியில் அது கன்னடத்திலும் தமிழிலும் உருதிலும் இருத்தல் வேண்டும்.

அலுவலர் கேட்க வேண்டிய வினாக்கள்

புதிய மென்பொருளோ படிவமோ தம் மேசைக்கு வரும்போது, அலுவலர் பின்வரும் வினாக்களை எழுப்புதல் நன்று:

1. இப்படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் கொண்டு யார் என்ன முடிவெடுப்பார்? முடிவுக்கு உதவாத கட்டம் ஏன் உள்ளது?

2. இதே விவரம் வேறொரு பதிவேட்டில் முன்பே எழுதப்படுகிறதா? ஆஷா பணியாளரும் செவிலியரும் ஒரே செய்தியை எத்தனை இடங்களில் எழுதுகின்றனர்?

3. சொற்களின் வரையறை எல்லா நிலையங்களிலும் ஒன்றுதானா?

4. மின்சாரமோ இணைய இணைப்போ தடைப்பட்டால் நோயாளியைக் கவனிப்பது நிற்குமா?

5. தவறான பதிவைத் திருத்தக் கோரும் வழி நோயாளிக்கு உண்டா?

6. பதிவு செய்தவருக்கு அதன் பயன் திரும்பி வருகிறதா?

இவற்றுள் இறுதி வினாவே முதன்மையானது. நம் சுகாதாரத் துறையில் தகவல் கீழிருந்து மேலே செல்லும் வழக்கம் நன்கு நிலைபெற்றுள்ளது. மேலிருந்து கீழே வரும் வழக்கம் அவ்வாறு நிலைபெறவில்லை. 2022 டிசம்பரில் கர்நாடகத்தில் தொடங்கிய நம்ம கிளினிக் ஒன்றில் பணிபுரியும் செவிலியர், நாள்தோறும் இரத்த அழுத்த அளவுகளைப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். சென்ற மாதம் மருந்து வாங்கிச் சென்று இம்மாதம் வராத நோயாளிகள் யார் யார் என்னும் பட்டியல் திங்கட்கிழமை காலையில் அவர் கைக்கு வருமானால், அவர் ஆஷா பணியாளரை அவ்வீடுகளுக்கு அனுப்புவார். ஒருவருடைய பக்கவாதம் தடுக்கப்படலாம். அப்பட்டியல் வாராமல், அவர் எழுதிய எண்கள் தலைநகரின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் ஒளிருமானால், சில மாதங்களில் அவர் அளக்காமலேயே 120-க்கு 80 என்று எழுதத் தொடங்கினால் வியப்பில்லை. தரவின் தரம் குறைவதற்கு ஊழியரின் சோம்பலைக் காரணம் காட்டுவோர், அத்தரவினால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு

இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர் மருத்துவம், புள்ளியியல், கணிப்பொறியியல் ஆகிய மூன்றில் ஒன்றில் ஆழமும் மற்ற இரண்டில் அறிமுகமும் பெற்றிருத்தல் வேண்டும். அதனினும் மேலாக, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவில் ஒரு வாரம் அமர்ந்து, ஒரு சீட்டு நோயாளியின் கையிலிருந்து எவ்வெவ்விடங்களுக்குச் செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கவனித்துக் குறிப்பெடுப்பது சிறந்த பயிற்சியாகும். சீட்டு நின்றுவிடும் இடத்திலேயே பெரும்பாலும் சிகிச்சையும் நின்றுவிடுகிறது. அவ்விடத்தைக் கண்டுபிடித்து, அதனைச் சரிசெய்வதற்கான எளிய வழியைக் காண்பதே நலவாழ்வுத் தகவலியலின் முதல் வேலை. பெருந்தரவு, மரபணு வரிசை, செயற்கை நுண்ணறிவு ஆகிய யாவும் அவ்வேலை செம்மையாக நடைபெற்ற நிலத்தின் மேல்தான் வேரூன்ற முடியும்.